செம்பு யார் கையில் இருக்கிறது?

போன வருடம் எங்கள் பெரியம்மா வீட்டு அலுமினியக் குக்கர் பழைய சாமான்காரரின் தள்ளுவண்டியில் ஏறிப் போனது. முப்பது வருடம் உழைத்த குக்கர். குடும்ப வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய செய்திதான் காரணம்: அலுமினியத்தில் சமைத்தால் மறதி நோய் வருமாம். “நீ கெமிஸ்ட்ரி வாத்தியார்தானேப்பா, இது நிஜமா?” என்று கேட்டார். ஒரு வார்த்தையில் சொல்ல முடியாது பெரியம்மா என்றேன். “அப்போ உனக்கும் தெரியாதுன்னு சொல்லு” என்று போனை வைத்துவிட்டார்.

உலோகமும் மூளையும் என்று பேச்செடுத்தாலே அலுமினியத்தில்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. அதை முதலில் முடித்துவிடுவோம். கதை உண்மையில் வேறு மூன்று உலோகங்களைப் பற்றியது.

அலுமினியத்தின் மேல் சந்தேகம் சும்மா விழவில்லை. 1965இல் முயல்களின் மூளையில் அலுமினிய உப்பைச் செலுத்திப் பார்த்தபோது நியூரான்கள் எனப்படும் நரம்பு செல்களுக்குள் நார் முடிச்சுகள் தோன்றின. பெரியம்மா சொன்ன மறதி நோய், அதாவது ஆல்சைமர், வந்தவர்களின் மூளையிலும் முடிச்சுகள் உண்டு என்பதால் ஆய்வாளர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் உற்றுப் பார்த்தால் இரண்டின் அமைப்பும் வேறு வேறு. ஆனால் அந்தப் பின்குறிப்பு செய்தி போன தூரம் போகவில்லை. 1970களில் இன்னொன்று சேர்ந்தது. டயாலிசிஸ் செய்துகொண்ட சிறுநீரக நோயாளிகள் சிலருக்குப் பேச்சு குழறியது, புத்தி தடுமாறியது. டயாலிசிஸ் தண்ணீரிலும் மருந்திலும் இருந்த அலுமினியம் வெளியேற வழியில்லாமல் மூளையில் தங்கிவிட்டது என்று தெரிந்தது. அது அசல் அலுமினிய விஷம்தான். ஆனால் ஆல்சைமர் இல்லை. அந்த மூளைகளில் ஆல்சைமருக்கு உரிய அடையாளங்கள் இல்லை. கடைசியாக 1986இல், ஆல்சைமர் மூளையின் புரதப் படிவுகளுக்கு நடுவிலேயே அலுமினியமும் சிலிக்கானும் இருப்பதாக ஒரு ஆய்வு சொன்னது. வழக்கு முடிந்தது என்றே பலர் நினைத்தார்கள். 1992இல் ஆக்ஸ்ஃபோர்டு குழு ஒன்று, சாயம் ஏற்றாத, ரசாயனம் எதிலும் ஊற வைக்காத மூளைத் திசுவை அணு நுண்ணோக்கியில் சோதித்தது. படிவுகளின் நடுவில் அலுமினியம் அகப்படவில்லை. திசுவைத் தயார் செய்யப் பயன்படும் ரசாயனங்களில்தான் அலுமினியம் இருந்தது.

தேடிப்போன உலோகம் அங்கே இல்லை. யாரும் அவ்வளவாகச் சந்தேகப்படாத மூன்று உலோகங்கள் இருந்தன: செம்பு, துத்தநாகம், இரும்பு. 1998இல் கென்டக்கி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் புரோட்டான் கற்றையை வைத்துப் படிவுகளைப் புள்ளி புள்ளியாக அளந்தார்கள். கணக்குப் போட்டால் ஒரு கிலோ படிவில் சுமார் 25 மில்லிகிராம் செம்பு, 70 மில்லிகிராம் துத்தநாகம், 50 மில்லிகிராம் இரும்பு. நோய் இல்லாதவர்களின் மூளைத் திசுவைவிடச் சில மடங்கு அதிகம்.

இந்த மூன்றும் வெளியிலிருந்து வந்த விஷங்கள் அல்ல என்பதுதான் சிக்கலே. மூன்றும் மூளை வீட்டுப் பிள்ளைகள். உடல் முழுக்கச் சேர்த்தால் செம்பு சுமார் 100 மில்லிகிராம், துத்தநாகம் 2 கிராம், இரும்பு 4 கிராம் இருக்கும். நரம்புச் செய்தி கடத்தும் டோபமைனுக்கு முந்தைய பொருளைச் செய்யும் நொதிக்கு இரும்பு வேண்டும். டோபமைனை நார்அட்ரினலினாக மாற்றும் நொதிக்குச் செம்பு வேண்டும். ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் எடுக்கும் வேலைக்கு இரண்டும் வேண்டும். நினைவுக்கான மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸில் சில நியூரான்கள் செய்தி அனுப்பும்போது, செய்தி கடத்தும் குளூட்டமேட்டோடு துத்தநாகத்தையும் பொட்டலம் கட்டி வெளியே தள்ளுகின்றன. ஆகவே “உலோகம் இருக்கிறதா?” என்று கேட்டுப் பயனில்லை. எந்தப் புரதத்தின் பிடியில் இருக்கிறது, அந்தப் பிடி எப்படிப்பட்டது என்று கேட்க வேண்டும்.

பிடி என்றால் என்ன என்பதைப் பார்க்க ஆய்வகம் தேவையில்லை. கார்த்திகைக்கு முந்தின நாள் குத்துவிளக்கு தேய்ப்பதைப் பாருங்கள். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது, அதாவது நம் கதாநாயகர்களில் இரண்டு பேர். மேலே கறுத்துப் போயிருக்கும். எண்ணெய் பட்ட மூலைகளில் பச்சைக் களிம்பு. ஊறிய புளியை அதில் அழுத்தித் தேய்த்தால் முதலில் ஒன்றும் நடக்காது. அரை நிமிடம் கழித்துக் கருமை இளகி, புளிக்கரைசல் அழுக்குப் பச்சையாக ஓடும், அடியில் ரோஜா நிறத்தில் உலோகம் எட்டிப் பார்க்கும். புளியின் டார்டாரிக் அமிலத்தில் ஆக்சிஜன் அணுக்கள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. அவை தம்மிடம் உபரியாக உள்ள எலக்ட்ரான் ஜோடிகளைச் செம்பு அயனிக்குக் கொடுத்து, இரண்டு மூன்று இடங்களில் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்கின்றன. செம்பு ஆக்சைடை விட்டுப் புளியின் கைக்கு மாறி, தண்ணீரோடு போய்விடுகிறது. பிளஸ் டூ புத்தகத்தில் இதற்குக் கொடுக்கிணைப்பு என்று பெயர். நண்டின் கொடுக்குதான் அது. மாணவர்கள் மனப்பாடம் செய்யும் கலைச்சொற்களிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது.

புரதத்துக்கும் கொடுக்குகள் உண்டு. இருபது வகை அமினோ அமிலங்களில் நாலைந்துதான் இந்த வேலைக்கு உருப்படியானவை. ஹிஸ்டிடினின் வளையத்தில் ஒரு நைட்ரஜன் இருக்கிறது. செம்புக்கும் துத்தநாகத்துக்கும் அதன்மேல் கொள்ளைப் பிரியம். சிஸ்டீனிடம் கந்தகம். ஆஸ்பார்டிக், குளூட்டமிக் அமிலங்களிடம் ஆக்சிஜன். அப்புறம், புரதச் சங்கிலியின் முதல் அமினோ அமிலத்தில் வெறுமனே நிற்கும் ஒரு நைட்ரஜன். இந்தக் கடைசி ஆளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படுவார்.

எந்த உலோகம் எவ்வளவு இறுக்கமாகப் பிடிபடும் என்பதற்கும் ஒரு வரிசை உண்டு. இர்விங், வில்லியம்ஸ் என்ற இரண்டு வேதியியலாளர்கள் 1953இல் முறையாக வகுத்தது. மாங்கனீஸில் தொடங்கி இரும்பு, கோபால்ட், நிக்கல் என்று ஏறிக்கொண்டே போய்ச் செம்பில் உச்சம். துத்தநாகத்தில் மறுபடி இறக்கம். பிடிக்கும் மூலக்கூறு எதுவாக இருந்தாலும் வரிசை பெரிதாக மாறுவதில்லை. இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். ஒரு செல்லுக்குள் செம்பை அவிழ்த்துவிட்டால் அது கண்ட புரதத்திலும் போய் ஒட்டிக்கொள்ளும், அங்கே இருக்க வேண்டிய துத்தநாகத்தையும் இரும்பையும் தள்ளிவிடும். அதனால் செல் செம்பை அவிழ்த்துவிடுவதே இல்லை. 1999இல் ஈஸ்ட் செல்களில் ஓஹாலரனும் சக ஆய்வாளர்களும் போட்ட கணக்குப்படி, ஒரு செல்லுக்கு ஒரு செம்பு அயனிகூடத் தனியாகத் திரிவதில்லை. நகைக்கடையில் தங்கம் கைமாறுவது போல, ஒரு புரதம் கொண்டுவந்து இன்னொன்றின் கையில் நேரடியாகக் கொடுத்துவிட்டுப் போகிறது.

சரி, ஆல்சைமருக்கு வருவோம். அதில் படிவாகச் சேரும் பொருள் அமிலாய்டு பீட்டா. பெரிய புரதம் ஒன்றிலிருந்து இரண்டு வெட்டில் கிடைக்கும் துண்டு, நீளம் பெரும்பாலும் 40 அல்லது 42 அமினோ அமிலங்கள். பின்பாதி தண்ணீரைக் கண்டால் ஒதுங்கும் கொழுப்புக்குணம் கொண்டது. ஒன்றோடொன்று ஒட்டி நாராகத் திரள்வது அதன் வேலை. உலோகம் பிடிப்பது முன்பக்கத்து 16 அமினோ அமிலங்களில். அதில் மூன்று ஹிஸ்டிடின்கள்: 6ஆம், 13ஆம், 14ஆம் இடங்களில். முதல் இடத்தில் ஆஸ்பார்டிக் அமிலம், அதன் நைட்ரஜன் வெறுமனே.

இரட்டை நேர்மின்சுமை கொண்ட செம்பு அயனி வந்தால் அந்த முதல் இடத்து நைட்ரஜனும், பக்கத்து ஆக்சிஜன் ஒன்றும், 6ஆம் ஹிஸ்டிடினும் பிடிக்கின்றன. நாலாவது கை 13ஆம் ஹிஸ்டிடினா, 14ஆம் ஹிஸ்டிடினா? ஒரு கணம் இது, மறுகணம் அது. இதை ஒரு படமாக வரைந்து கொடுங்கள் என்றால் முடியாது. ரத்தத்தில் ஆக்சிஜன் சுமக்கும் ஹீமோகுளோபினில் இரும்புக்கு அளவெடுத்துத் தைத்த இடம் உண்டு. அமிலாய்டு பீட்டாவுக்கு அப்படி ஒரு உருவமே கிடையாது. நூலாக நெளிந்துகொண்டே இருக்கும், உலோகம் வந்தால் கிடைத்த கையால் பிடிக்கும். அமிலத்தன்மை கொஞ்சம் மாறினால் பிடியும் வேறாகிவிடும்.

இந்தப் பிடியின் வலிமையை அளப்பதில் ஒரு கூத்து நடந்தது. இருபது வருடங்களில் வெளியான கட்டுரைகளில் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் கோடி மடங்கு வித்தியாசம்கூட இருந்தது! காரணங்களில் முக்கியமானது, சோதனைக் குழாயில் அமிலத்தன்மையை நிலையாக வைக்கப் போடும் தாங்கல் கரைசல். டிரிஸ், கிளைசின் மாதிரியான தாங்கல் பொருள்களே செம்பைப் பிடிக்கும். சில அளவீடுகள் அதைக் கணக்கில் எடுத்தன, சில எடுக்கவில்லை. திருத்திப் பார்த்தபின் எண்கள் ஒரு இடத்துக்கு வந்து சேர்ந்தன: பிணைப்பு மாறிலி 10இன் அடுக்கு 10 அளவில். நல்ல பிடிதான். ஆனால் ரத்தத்தில் ஏராளமாக இருக்கும் ஆல்புமின் புரதத்தின் பிடி இதைவிட ஆயிரம் மடங்கு போல வலுவானது. ரத்தத்தில் அமிலாய்டு பீட்டாவால் செம்பைத் தொடக்கூட முடியாது. மூளையைச் சூழ்ந்த திரவத்தில் ஆல்புமின் மிகக் குறைவு. அங்கேதான் இதற்கு வாய்ப்பு.

வாய்ப்புக் கிடைத்தால் என்ன கேடு? செம்பு இரண்டு வேடம் போடும். இரட்டைச் சுமையோடு இருக்கும்போது நாலு கைகள் வேண்டும். ஒரு எலக்ட்ரானை வாங்கி ஒற்றைச் சுமைக்கு இறங்கினால் இரண்டு கைகளே போதும், அதுவும் நேர்க்கோட்டில்: 13ஆம் 14ஆம் ஹிஸ்டிடின்கள் அடுத்தடுத்து நிற்பது அதற்குத் தோதாக அமைந்துவிட்டது. இறுக்கமான புரதமாக இருந்தால் இந்த வேட மாற்றத்துக்கு இடம் கொடுக்காது. நெளியும் நூலுக்குப் பிரச்சினையே இல்லை. நியூரான்களில் நிறைய இருக்கும் வைட்டமின் சி எலக்ட்ரானைக் கொடுக்கும். செம்பு வாங்கி ஆக்சிஜனிடம் தள்ளிவிடும். பழைய வேடத்துக்குத் திரும்பி அடுத்த எலக்ட்ரானுக்குக் கை நீட்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு, அதிலிருந்து ஹைட்ராக்சில் ரேடிக்கல். இந்த ரேடிக்கல் பிறந்த இடத்திலேயே எதையாவது கடித்துவிடும். முதலில் கடிபடுவது பிடித்துக்கொண்டிருந்த கைகளேதான்: முதல் ஆஸ்பார்டிக் அமிலமும் ஹிஸ்டிடின்களும். நல்லது என்று நாம் விழுங்கும் வைட்டமின் சி இங்கே தீக்கு எண்ணெய் ஊற்றுகிறது. (மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், மூளை தன் அளவை அதுவே பார்த்துக்கொள்ளும்.)

துத்தநாகம் வேடம் மாற்றாது, ரேடிக்கல் உண்டாக்காது. அது செய்வது வேறு வேலை. 1994இல் பாஸ்டனில் ஆஷ்லி புஷ்ஷும் சக ஆய்வாளர்களும் அமிலாய்டு பீட்டா கரைசலில் துத்தநாகத்தைச் சேர்த்தபோது, மோர் திரிவது போல அது சட்டென்று திரண்டது. ஒரு துத்தநாக அயனி இரண்டு நூல்களைச் சேர்த்துக் கட்டிவிட முடியும் என்பதுதான் சூட்சுமம். பிடி செம்பைவிட மிகத் தளர்வானது என்றாலும், நரம்புச் சந்தியில் துத்தநாகம் கொட்டப்படும் நேரத்தில் அது போதும். துத்தநாகத்தைப் பொட்டலம் கட்டும் புரதம் இல்லாத எலிகளை, மனித அமிலாய்டு உருவாகும் எலிகளோடு இனம் கலந்தபோது பிறந்த குட்டிகளின் மூளையில் படிவு குறைந்தது. 2002இல் வந்த முடிவு.

எலி என்றதும் ஒன்று. சாதாரண எலிக்கு எவ்வளவு வயதானாலும் இந்தப் படிவு வருவதில்லை. எலியின் அமிலாய்டு பீட்டாவும் நம்முடையதும் மூன்றே இடங்களில் மாறுபடுகின்றன: 5, 10, 13. நம்மிடம் ஹிஸ்டிடின் இருக்கும் 13ஆம் இடத்தில் எலிக்கு ஆர்ஜினின். ஒரு கை குறைகிறது. எலி தப்பித்ததற்கு இது ஒன்றுதான் காரணம் என்று சொன்னால் அவசரப்படுவதாகும்; ஆயுளும் வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் மாறியிருக்கும் மூன்று இடங்களும் அந்த 16க்குள்ளேயே இருப்பது, உலோக வேதியியல்காரர்களின் கண்ணில் படாமல் போகவில்லை.

உலோகம் பிடிபட்டாலே கேடு என்று இதை வைத்து முடிவு கட்டிவிடலாமா? ஆல்சைமர் படிவுகளில் முழு அமிலாய்டு பீட்டாவோடு, முன்பக்கம் மூன்று அமினோ அமிலங்கள் உதிர்ந்த துண்டும் நிறைய இருக்கிறது. மூன்று போனதால் ஹிஸ்டிடின் 6ஆம் இடத்திலிருந்து 3ஆம் இடத்துக்கு வருகிறது. அந்த இடத்தில் ஹிஸ்டிடின் வந்தால் புரதத்தின் முனை செம்பைச் சுற்றி ஒழுங்கான சதுரமாக மடிந்துகொள்ளும். ஆல்புமினின் ரகசியமும் இதுதான். பிடி முழுத் துண்டைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் இறுகுகிறது. இறுகுவதால் செம்பால் வேடம் மாற்ற முடியவில்லை. ரேடிக்கல் உற்பத்தி ஏறக்குறைய நின்றுபோகிறது. அதே படிவு, அதே செம்பு. மூன்று அமினோ அமிலங்கள் குறைந்ததும் வேதியியலே வேறாகிவிட்டது. மூளையிடம் இன்னொரு ஏற்பாடும் இருக்கிறது: மெட்டலோதயோனின்-3 என்ற, கந்தகம் நிறைந்த சிறு புரதம். அமிலாய்டு பீட்டாவிடம் துத்தநாகத்தைக் கொடுத்துவிட்டுச் செம்பை வாங்கித் தனக்குள் பூட்டிக்கொள்கிறது. 2008இல் சோதனைக் குழாயிலும் செல்களிலும் இதைக் காட்டினார்கள். பண்டமாற்று முடிந்ததும் ரேடிக்கல் நிற்கிறது, செல் பிழைக்கிறது.

மற்ற நோய்களுக்குப் போனால் படம் இன்னும் குழம்பும்.

ஏஎல்எஸ் நோயில், தசைகளை இயக்கும் நியூரான்கள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. குடும்ப வழியாக வரும் ஏஎல்எஸ்ஸுக்கு முதன்முதலில் அடையாளம் தெரிந்த மரபணு எஸ்ஓடி1, கண்டுபிடித்தது 1993இல். அந்தப் புரதம் செம்பையும் துத்தநாகத்தையும் வேலைக்காகவே வைத்திருக்கும் நொதி. அதன் வேலை ரேடிக்கலை அடக்குவது என்று 1969இலேயே மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் சொல்லிவிட்டார்கள். செம்பைப் பிடிக்க நாலு ஹிஸ்டிடின்கள், துத்தநாகத்துக்கு மூன்று ஹிஸ்டிடினும் ஒரு ஆஸ்பார்டிக் அமிலமும். ஒரு ஹிஸ்டிடின் இரண்டுக்கும் பொது, நடுவில் பாலம் மாதிரி. இரண்டு உலோகமும் ஏறி, உள்ளே கந்தகப் பிணைப்பும் விழுந்துவிட்டால் இந்தப் புரதம் 90 டிகிரி வெப்பத்தையும் தாங்கும். புரத உலகில் அது இரும்புப் பெட்டி. உலோகம் இரண்டும் இல்லாமல், பிணைப்பும் விழாமல் இருந்தால் உடல் சூட்டை ஒட்டிய வெப்பத்திலேயே தளர்ந்து பிரிய ஆரம்பிக்கிறது. பிரிந்தவை ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. நோய் தரும் மரபணுப் பிழைகள் 150க்கும் மேல் பதிவாகியிருக்கின்றன. பல பிழைகள் உலோகம் ஏறுவதைக் கெடுக்கின்றன, அல்லது உலோகம் ஏறாத நிலையை இன்னும் தளர்வாக்குகின்றன. ஆல்சைமரில் தவறான கை செம்பைப் பிடித்தது. இங்கே சரியான கை வெறுங்கையாக நிற்கிறது. நொதியின் வேலை நின்றதால் நோய் வந்தது என்றும் சொல்ல முடியவில்லை. 1996இல் இந்த மரபணுவையே நீக்கிய எலிகளை உருவாக்கினார்கள். அவற்றுக்கு ஏஎல்எஸ் வரவில்லை. வேலை செய்யாத புரதத்தைவிட, வெறுமனே திரியும் புரதம்தான் ஆபத்தானது.

பார்க்கின்சன் கதையில் நான் வகுப்பில் எப்போதும் சொல்லும் பாடம் ஒன்று இருக்கிறது. அந்த நோயில் திரளும் புரதம் ஆல்ஃபா சைனுக்ளின், 140 அமினோ அமிலங்கள். செம்பு இதன் முன்முனையில், வெறுமனே நிற்கும் அந்த முதல் நைட்ரஜனில், இறுக்கமாகப் பிடிபடுகிறது என்று வருடக்கணக்கில் அழகழகான ஆய்வுகள் வந்தன. ஆய்வுக்கான புரதத்தை ஈ.கோலை பாக்டீரியாவில் வளர்த்து எடுத்திருந்தார்கள், அதுதான் வழக்கம். ஆனால் மனித செல் இந்தப் புரதத்தைச் செய்து முடித்ததும் முன்முனையில் ஒரு அசிட்டைல் தொப்பியை மாட்டிவிடுகிறது. பாக்டீரியாவுக்கு அந்தப் பழக்கம் இல்லை. தொப்பி போட்டதும் நைட்ரஜனிடம் கொடுக்க எலக்ட்ரான் ஜோடி இருப்பதில்லை. வலுவான அந்த இடமே மறைந்துபோகிறது. மிச்சம் 50ஆம் இடத்து ஹிஸ்டிடின், கொஞ்சம் தளர்வான பிடி. அமிலாய்டு பீட்டாவுக்கு இந்தத் தொப்பிப் பிரச்சினை கிடையாது, ஏனென்றால் அதன் முன்முனை வெட்டுப்பட்ட பிறகு புதிதாகப் பிறப்பது. அளந்தவர்கள் தவறாக அளக்கவில்லை. மூளையில் இருக்கும் புரதத்தை விட்டுவிட்டு அதன் அண்ணன் தம்பியை அளந்தார்கள்.

உருவம் கெட்டால் மூளையை அழிக்கும் நோய் தரும் பிரியான் புரதத்தைப் பற்றிச் சுருக்கமாக. இதில் எட்டு அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே வரி நாலு முறை திரும்பத் திரும்ப வருகிறது, ஒவ்வொன்றிலும் ஒரு ஹிஸ்டிடின். செம்பு குறைவாக இருந்தால் நாலு ஹிஸ்டிடினும் கூடி ஒன்றைப் பிடிக்கும். நிறைய வந்தால் ஆளுக்கு ஒன்று. இங்கே செம்பைப் பிடிப்பது புரதத்தின் இயல்பான வேலைகளில் ஒன்றாகவே தெரிகிறது. திரும்ப வரும் அந்த வரி மரபணுப் பிழையால் கூடுதலாகச் சேர்ந்துவிட்ட குடும்பங்களில் பிரியான் நோய் வருகிறது.

இவ்வளவையும் படித்தவர்களுக்குத் தோன்றும் கேள்வி: உலோகத்தை மருந்து கொடுத்து வெளியே எடுத்துவிட்டால் என்ன?

அப்படி எடுத்து ஜெயித்த நோய் ஒன்று உண்டு. 1912இல் கின்னியர் வில்சன் விவரித்த வில்சன் நோய். கல்லீரலில் செம்பைப் பித்தநீருக்குள் தள்ளும் புரதம் பழுதாவதால் செம்பு கல்லீரலில் தேங்கி, பிறகு மூளைக்கும் போகிறது. கண்ணின் கருவிழி ஓரத்தில் பழுப்புப் பொன் நிறத்தில் வளையம் கட்டும். 1956இல் ஜான் வால்ஷ் பெனிசிலமைனைக் கொடுத்துப் பார்த்தார். சிஸ்டீனின் உறவுக்கார மூலக்கூறு. கந்தகமும் நைட்ரஜனுமாகக் கொடுக்கு. செம்பைப் பிடித்துச் சிறுநீர் வழியாக இழுத்து வந்தது. சாக வேண்டிய இளைஞர்கள் பிழைத்தார்கள். குத்துவிளக்குக்குப் புளி செய்ததை இவர்களுக்கு இந்த மருந்து செய்தது என்று சொல்லலாம்.

(குக்கர் போன இடத்தில் பெரியம்மா செம்புக் குடம் வாங்கியிருக்கிறார் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். வில்சன் நோய் இல்லாதவர்களுக்கு, குடத்தில் ராத்திரி வைத்த வெறும் தண்ணீரால் பயம் இல்லை. மிகுதிச் செம்பைக் கல்லீரல் வெளியேற்றிவிடும். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு லிட்டருக்கு 2 மில்லிகிராம். எலுமிச்சைச் சாறோ மோரோ அதில் ஊற்றி வைக்கக் கூடாது. புளிக்கும் பொருளுக்குப் பித்தளைப் பாத்திரம் என்றால் வெள்ளீயம் பூசச் சொன்ன பாட்டிமார்களுக்கு இது தெரியும்.)

வில்சன் நோயில் பலித்தது ஆல்சைமரில் ஏன் பலிக்கவில்லை? முதலாவதாக, அங்கே செம்பு மொத்தமாகவே மிகுதி. ஆல்சைமர் மூளையில் படிவுக்குள் செம்பு குவிந்திருந்தாலும், திசுவை மொத்தமாக அளந்தால் செம்பு குறைவாகவே இருக்கிறது. ஊரெல்லாம் வறண்டு ஒரு குட்டையில் மட்டும் தண்ணீர் தேங்கிய கதை. இதில் இறைக்க ஆரம்பித்தால் எந்தத் தண்ணீர் முதலில் போகும்?

அதனால் வலுவாக உறிஞ்சும் மருந்துகளை விட்டுவிட்டு, மிதமாகப் பிடித்து இடம் மாற்றும் மருந்துகளைத் தேடினார்கள். கிளியோகுவினால் என்ற பழைய மருந்து கையில் சிக்கியது. வயிற்றுப்போக்குக்கு நம் ஊர் மருந்துக் கடைகளிலும் பல காலம் விற்றதுதான். ஜப்பானில் ஏறத்தாழ 10,000 பேருக்கு நரம்பும் பார்வையும் பாதிக்கப்பட்டதை அடுத்து 1970இல் அங்கே தடை செய்யப்பட்டது. அதை ஆல்சைமருக்கு எடுத்தது துணிச்சல்தான். 2003இல் மெல்போர்னில் 36 பேரிடம் செய்த சோதனை கொஞ்சம் நம்பிக்கை தந்தது. அதைத் திருத்திச் செய்த பிபிடி2 என்ற மருந்து, படிவிலிருந்து செம்பையும் துத்தநாகத்தையும் பிடித்து, பட்டினி கிடக்கும் செல்லுக்குள் கொண்டுபோய் விடும் என்பது திட்டம். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! 2008இல் 78 பேரிடம் பார்த்தபோது சில தேர்வுகளில் முன்னேற்றம் தெரிந்தது. 2014இல் வந்த அடுத்த சோதனையில் படிவு மருந்தில்லாக் குழுவைவிடக் குறையவில்லை. அத்தோடு அந்த வழி ஏறக்குறைய அடைபட்டது.

பிறகு இரும்பு. டெஃபெரிப்ரோன் என்பது தலசீமியாக் குழந்தைகளுக்கு, அடிக்கடி ரத்தம் ஏற்றுவதால் சேரும் இரும்பை நீக்கும் மாத்திரை. உலகிலேயே முதலில் விற்பனைக்கு வந்தது இந்தியாவில்தான், 1990களின் நடுவில். மூளைக்குள்ளும் போகக்கூடியது. பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில், டோபமைன் செல்கள் இருக்கும் பகுதியில் இரும்பு கூடியிருப்பது நெடுநாளாகத் தெரிந்ததுதான். ஆகவே ஐரோப்பாவில் புதிதாக நோய் கண்டறியப்பட்ட, வேறு மருந்து தொடங்காத 372 பேரிடம் 36 வாரம் சோதித்தார்கள். முடிவு 2022இல் வெளியானது. ஸ்கேனில் இரும்பு குறைந்திருந்தது, திட்டமிட்டபடியே. நோயின் தீவிரத்தைக் காட்டும் மதிப்பெண் மருந்தில்லாக் குழுவில் 6.3 கூடியது, மருந்து சாப்பிட்டவர்களில் 15.6 கூடியது. நோய் முற்றியதால் டோபமைன் மருந்தைத் தொடங்க வேண்டி வந்தவர்கள் ஒரு பக்கம் 2.7 சதவீதம், மாத்திரைப் பக்கம் 22 சதவீதம்.

டோபமைனுக்கு முந்தைய பொருளைச் செய்யும் நொதிக்கு இரும்பு வேண்டும் என்று தொடக்கத்தில் சொன்னேன் இல்லையா? மாத்திரைக்கு எது கூடாத இடத்தில் தேங்கிய இரும்பு, எது நொதியின் மடியில் இருக்கும் இரும்பு என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஏற்கெனவே டோபமைன் பற்றாமல் திண்டாடும் செல்களில் அந்த நொதியின் கையையும் அது தட்டியிருக்க வேண்டும் என்பதே பலரும் ஒப்பும் விளக்கம்.

ஆல்சைமரிலும் அதே மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆஸ்திரேலியாவில் 81 பேர், ஒரு வருடம். முடிவு 2024இல் வந்தது. ஹிப்போகாம்பஸில் இரும்பு குறைந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களின் நினைவும் சிந்தனையும் சாப்பிடாதவர்களைவிட வேகமாகத் தேய்ந்தன.